பிரிக்காத பார்சல்

"என் பேரை எழுதாதே! இப்பவே சொல்லிட்டேன்... இந்தத் தடவை அந்தப் பெட்டி மேல என் பேர் இருக்கக் கூடாது!"

நாத்தனார் டம்ளரை மேசைமேல் வைத்த வேகத்தில் தேநீர் தளும்பி, பார்சலைச் சுற்றித் தைக்க வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியில் தெறித்தது.

தம்பி மனைவி ஈரத்துணியால் அதை ஒற்றி எடுத்தாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கறை போக்குவது கைக்குப் பழகிப்போன காரியம். காலை ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேசைமேல் எல்லாம் தயாராக இருந்தன. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறைகள், காதை மூடும் குல்லா, கையுறை, உதட்டுக்கும் குதிகாலுக்கும் தடவ வாஸலின், உலர்ந்த திராட்சைப் பொட்டலம், சாக்லேட். சலவை சோடாவில் வெடித்துப்போன விரல்களில் நூல் சிக்கிச் சிக்கி இழுக்கும். அதனால் பின்ன உட்காரும்போதெல்லாம் முதலில் கைக்கு எண்ணெய் தடவிக்கொள்வாள். அப்படிப் பின்னியவை.

"அண்ணி... எதிர்வீட்டு டீச்சர் சும்மா கேட்டாங்க. 'உங்க நாத்தனார் என்னமா பின்னறாங்க!'ன்னாங்க. வாய் தவறி, 'நான்தான் பின்னறேன்'னு வந்துடுச்சு. வேணும்னு சொல்லல."

"வாய் தவறியா? நல்லா இருக்கே! ஊரு முழுக்க என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டு, இப்ப வாய் தவறிடுச்சாம்! இவ்வளவு வருஷம் என் பேர் இனிச்சுதில்ல? இப்ப உனக்குப் பேர் வேணுமாக்கும். போட்டுக்கோயேன்! உன் பேரையே கொட்டை எழுத்துல போட்டு அனுப்பு. பார்க்கலாம், அவன் கையால தொடறானான்னு!"

அவள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். லாரி மெக்கானிக்காக இருந்து, முழங்கால் தேய்ந்து வீட்டோடு ஆகிவிட்ட மனிதர். செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏங்க... நீங்களாவது சொல்லுங்களேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க."

அவருக்கு எப்போதும் அந்த ஒரே பதில்தான்.

அந்த வீட்டுக்கு அவள் இரண்டாம் தாரமாக வந்தபோது பையனுக்கு எட்டு வயது. பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "இது உனக்குச் சின்னம்மா" என்று நாத்தனார் அவனிடம் காட்டிய நாளிலிருந்து தெரு முழுக்க அவளுக்கு அதுவே பேராகிவிட்டது. பையன் மட்டும் அப்படிக்கூடக் கூப்பிடவில்லை.

வந்த வாரமே அது நடந்தது. மெக்கானிக் குடித்துவிட்டு வந்து, முதல் மனைவியின் துணிமணி, புகைப்படம் எல்லாவற்றையும் கொல்லையில் குவித்து டீசலை ஊற்றிக் கொளுத்தினார். "பார்க்க முடியலடி... பார்க்கப் பார்க்க நெஞ்சு வெடிக்குது!" என்று அழுதுகொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டார். இவள் பதறிப்போய் ஒரு கழியை எடுத்துக் கிளறி, எரியாததையாவது வெளியே இழுக்கப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பையன் பள்ளிக்கூடப் பையோடு கொல்லை வாசலில் வந்து நின்றான். நெருப்பு. அம்மாவின் துணி. கையில் கழியோடு புதிதாக வந்த பெண்.

அவன் அழவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

"பையன்கிட்ட சொல்லிடாதே" என்று மறுநாள் கணவர் கெஞ்சினார். "அம்மாவும் போயிட்டா, அப்பனும் இப்படிப்பட்டவன்னு தெரிஞ்சா அவனுக்கு யாரு இருக்கா? கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமா சொல்றேன்."

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பையனின் கோபத்தை நாத்தனார் சோறு ஊட்டி வளர்த்தாள். பதினெட்டு வயது முடிந்ததும் அவன் ராணுவத்தில் சேர்ந்தான். கிளம்பும்போது, "இந்த வீட்டுல இவங்க முகத்துல முழிக்கிறதுக்குப் பனியில உறைஞ்சு சாகலாம்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அடுப்படியில் நின்றவள் காதில் விழட்டும் என்றே சொன்னான்.

பனிமலை உச்சியில் காவல் என்று தெரிந்ததும் அவள் கம்பளி நூல் வாங்கினாள். பின்னத் தெரியாது. சலவைக் கூடத்தில் கூட வேலை செய்பவளிடம் கற்றுக்கொண்டாள். முதல் ஜோடியில் காலுறை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்தது. "இது எந்த நொண்டிக் கொக்குக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிரித்துப் பிரித்துப் பின்னினாள். முடிந்ததும் நாத்தனாரிடம் போய் நின்றாள்.

"நான் அனுப்பினா தொட மாட்டான் அண்ணி. உங்க பேர்ல அனுப்பிடலாம். கால் சூடா இருந்தா போதும்... யார் குடுத்ததுன்னு தெரிய வேணாம்."

நாத்தனார் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான் போயிற்று. அவன் தொலைபேசியில் கூப்பிடுவான். நாத்தனார் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்காருவாள். "அத்தே, நீ பின்னின காலுறையைப் போட்டாத்தான் கால்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது!" என்று அந்தப் பக்கம் அவன் சிரிப்பான். "உனக்குப் பண்ணாம யாருக்குடா பண்ணப்போறேன்?" என்பாள் நாத்தனார். அடுப்படி வாசலில் நிற்பவள் அந்தச் சிரிப்பை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இன்று அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

பெட்டியைத் தைத்து எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்தவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"அனுப்புறவங்க பேர் எழுதலியேம்மா."

நாத்தனார் பேரை எழுதிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அவளுக்குத் தெரியவா போகிறது? பேனாவை எடுத்துத் துணிமேல் வைத்தாள். என்னவோ அன்றைக்குக் கை போகவில்லை. அவனும் இருபத்தெட்டைத் தாண்டிவிட்டான். பனியும் தனிமையும் மனுஷனை மாற்றாதா? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை... எழுதினால் என்ன?

தன் பேரை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"யாருக்கும்மா, மகனுக்கா?"

"ஆமா. மகனுக்கு" என்றாள். சலவைக் கூடத்துக்குப் போய்ச் சேரும்வரை அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. மேற்பார்வையாளர் கேட்டே விட்டார்: "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?"

சில வாரம் கழித்து அவன் கூப்பிட்டான். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"அத்தே, இந்த வருஷம் உன் பார்சல் வரலியே? பழைய காலுறையெல்லாம் கிழிஞ்சு போச்சு. உடம்புக்கு ஏதாவது முடியலியா?"

நாத்தனார் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது, "பார்சல் வரலையாம்" என்று மட்டும் சொன்னாள்.

சின்னம்மா அஞ்சலகத்துக்கு ஓடினாள். கணினியில் பார்த்துவிட்டுக் கவுன்ட்டர்காரர், "போய்ச் சேர்ந்துடுச்சும்மா. வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்திருக்கிறது. பேரைப் பார்த்திருக்கிறான். பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாத்தனார் முன்னால் கைகூப்பி நின்றாள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... அது நீங்க அனுப்பினதுதான், எழுதும்போது பேர் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அங்கே குளிர் ஏறிக்கிட்டே போகுதாம். வேற ஒரு ஜோடி பின்னி அனுப்ப நாளாகும். அது கையிலேயே இருக்கு, எடுத்துப் போட்டுக்கட்டும்!"

"சரி, சரி. அடுத்த தடவை பேசும்போது சொல்றேன். அதுக்கு ஏன் இப்படி ஒப்பாரி?"

அடுத்த தடவை பேசியது அவன் இல்லை. ராணுவ மருத்துவமனையிலிருந்து யாரோ பேசினார்கள். ரோந்து போனவர்கள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்களாம். உயிருக்கு ஆபத்தில்லையாம். வலது கால் விரல்கள் ஐந்தையும் எடுக்க வேண்டியதாகிவிட்டதாம்.

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சின்னம்மா மட்டும் அழாமல், தன் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயம் ஓரளவு ஆறியதும் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். துணைக்கு ஒரு தோழன் வந்தான். படையில் எல்லோரும் அவனை 'ரேடியோ' என்பார்களாம். செய்தி அனுப்பும் பிரிவில் வேலை. வாயும் ஓயாது.

ஊன்றுகோலோடு அவன் வாசற்படி ஏறியதைப் பார்த்ததும் நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என் ராஜா... எப்படிப் போனவன் எப்படி வந்து நிக்கறே!" அவனும் அத்தையின் தோளில் முகம் புதைத்தான். சின்னம்மா ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரும் சுத்தமான துணியும் கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவன் காலருகே குனிந்து, "கட்டு நனைஞ்சிருக்கு தம்பி... மாத்திடட்டுமா?" என்றாள்.

அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வலியில் பல்லைக் கடித்தான்.

"தொடாதீங்க! செய்யறதெல்லாம் செஞ்சுட்டு இப்ப என்ன கரிசனம்?"

"நான் என்ன..."

"தெரியாதா? அத்தை எனக்கு அனுப்ப இருந்ததைத் தடுத்தது யாரு? 'உங்க சின்னம்மா இந்த வருஷம் என்னை நூலே வாங்க விடலடா'ன்னு அத்தை போன்ல அழுதாங்க. எங்கம்மா துணியைக் கொளுத்தினீங்க. இப்ப என் காலையும் எடுத்துட்டீங்க. திருப்திதானே? இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

அவள் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். சின்னம்மா துணியைப் பிழிந்து பாத்திரத்தின் விளிம்பில் போட்டாள். எதைச் சொல்வது? எதில் ஆரம்பிப்பது? பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூடத்து மூலையில் பையை இறக்கிக்கொண்டிருந்த ரேடியோ, விஷயம் புரியாமல் சிரித்த முகத்தோடு முன்னால் வந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம். சின்னம்மாங்கிறது நீங்கதானே? உங்களைப் பார்க்கணும்னுதான் லீவு கேட்டு இவர்கூட வந்தேன்." குனிந்து பூட்ஸைக் கழற்றினான். காலில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. "பாருங்கம்மா, பத்து விரலும் பத்திரமா இருக்கு! உங்க பார்சல் வந்தப்ப அண்ணன் பேரைப் பார்த்தார். 'எனக்கு இது வேணாம், நீ எடுத்துக்கோ'ன்னு பெட்டியோட என் கட்டில்ல போட்டுட்டுப் போயிட்டார். புயல்ல எல்லார் காலுறையும் நனைஞ்சு போச்சும்மா. என் பையில உங்களோடது ரெண்டு ஜோடி உலர்ந்து இருந்துச்சு. ஒண்ணை நான் மாத்திக்கிட்டேன். இன்னொண்ணை இவருக்கு நீட்டினேன். கெஞ்சினேன்மா! 'அந்தக் கை பட்டது எனக்கு வேணாம்'னுட்டார்..."

"டேய், போதும் நிறுத்து!" என்றான் அவன்.

வாய் ஓயாதவன் எங்கே நிறுத்துவான்? "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணே? அத்தை அனுப்பினதும் சின்னம்மா அனுப்பினதும் ஒரே கைன்னு? விளிம்புல அதே ரெட்டைப் பட்டை, குதிகால்ல அதே தடிப்பு. ஏன் அத்தே, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்துதான் பின்னுவீங்களா?"

நாத்தனார் ஜன்னலோரம் நகர்ந்தாள்.

அவன் ரேடியோவின் காலைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். "அத்தே... சொல்லேன். நீதானே பின்னினே? சொல்லு அத்தே!"

"உங்க அத்தைக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதுடா!"

எல்லோரும் திரும்பினார்கள். மெக்கானிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"முதல் வருஷத்துலேருந்து எல்லாம் பின்னினது இவதான். உங்க அத்தை பேர்ல போனாத்தான் நீ தொடுவேன்னு இவளே கேட்டுக்கிட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னொண்ணும் கேட்டுக்கோ... அந்த நெருப்பை வச்சது நான்டா! குடிச்சுட்டு வந்து நான்தான் கொளுத்தினேன். இவ எரியற துணியை இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தா. நீ வந்து பார்த்தே. நான் எழுந்து வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்... நீ என்னை வெறுத்துடுவியோன்னு பயந்து, இவளை வெறுக்க விட்டுட்டேன்!"

ரேடியோ பூட்ஸைக் கையில் பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "எனக்குன்னு யாரு இருக்கா? புருஷன் போனான், வயித்துல ஒண்ணு தங்கல... தம்பி வீட்டுல ஒரு மூலை. அவன் 'அத்தே'ன்னு கூப்பிடற அந்த ஒரு குரல்தான் என் சொத்து. அதையும் இவ எடுத்துக்குவாளோன்னு... ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு பொய்! இப்படி ஆகும்னு தெரியாதே..."

ஊன்றுகோல் கீழே விழுந்தது. அவன் எழப் பார்த்து, நிற்க முடியாமல் தரையில் சரிந்தான். சரிந்தபடியே தவழ்ந்து வந்து அவள் பாதத்தைப் பிடித்தான்.

"அம்மா..."

இருபது வருஷம் அந்தச் சொல்லுக்காக அவள் காது காத்திருந்தது. எத்தனையோ விதமாக அதைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். இப்போது கேட்டதும் உள்ளே ஏதோ அறுந்துபோன மாதிரி இருந்தது.

"வேணாம்... அப்படிக் கூப்பிடாதே" என்றாள். குரல் உயரவில்லை. "உன் விரலைக் குடுத்து வாங்கின வார்த்தை எனக்கு எதுக்கு? இந்த வார்த்தை வராமலே இருந்திருக்கலாம். நீ என்னைத் திட்டிக்கிட்டே, ரெண்டு காலும் முழுசா நடந்து வந்திருக்கலாம்!"

"மன்னிச்சுடும்மா... எனக்குத் தெரியாது..."

"என்னை வெறுத்தே. சரி. அதுக்கு உனக்குக் காரணம் இருந்துச்சு. ஆனா அந்தக் கம்பளி உன்னை என்னப்பா பண்ணுச்சு? காலு உறையும்போது உன் கூட்டாளி நீட்டினானே, அப்பக்கூடவா...?" கட்டுப் போட்ட அவன் காலைப் பார்த்தாள். "நானும் சும்மா இருந்திருக்கணும். எப்பவும்போல அண்ணி பேரை எழுதியிருந்தா நீ போட்டிருப்பே. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை என் பேரை எழுத ஆசைப்பட்டேன். அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அதுவும் உன் காலுக்கா?"

அப்போதுதான் அவள் அழுதாள். தரையில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும், ஆறிப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் கொண்டுவந்து கட்டைப் பிரித்தாள். அவன் காலை இழுக்கவில்லை. காயத்தைப் பார்த்ததும் அவள் முகம் மட்டும் ஒரு கணம் திரும்பியது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். கணவர் அவள் தட்டைக் கழுவி வைத்தார். நாத்தனார் அவளுக்கு முன் எழுந்து தேநீர் போட்டாள். தேநீரை அவள் வாங்கிக் குடித்தாள். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. காலையில் கட்டு மாற்றினாள், அவனைப் பிடித்து நடக்க வைத்தாள், ஷிஃப்டுக்குப் போனாள். அவன் தெருமுனைவரை தனியாகப் போய்த் திரும்பி வந்த நாளில், தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" கணவர் பதறினார்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல வேலைக்காரங்களுக்கு ரூம் குடுக்கறாங்க. கேட்டு வாங்கிட்டேன்."

"எல்லாம்தான் சரியாயிடுச்சே... நான்தான் ஒத்துக்கிட்டேனே!"

"அவன் கால் போன அப்புறம் ஒத்துக்கிட்டீங்க" என்றாள் அவள். "உங்க மேல கோபம் இல்லைங்க. அதுக்கும் தெம்பு இல்ல. இந்தக் கூடத்துல உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது. அவ்வளவுதான்."

நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "நான் காரணம்னா நானே எங்கயாவது போயிடறேன். நீ இரும்மா..."

"உங்களுக்குப் போக இடம் இல்ல அண்ணி. எனக்கு ஒரு வேலை இருக்கு. நீங்க இருங்க." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "தம்பிக்கு ரெண்டு வேளை மருந்து. அலமாரியில வச்சிருக்கேன்."

அவன் தடுக்கவில்லை. பையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தான். "குடு, நான் தூக்கிக்கிறேன்" என்று அவள் கேட்டபோதும் தரவில்லை.

அதற்கப்புறம் மாலைகளில் அவன் அந்த அறைக்கு வரத் தொடங்கினான். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், துணி காயும் கொடி. அவ்வளவுதான் அந்த அறை. ரேடியோ மலைக்குத் திரும்பிப் போயிருந்தான். அந்தத் தோழன் போனில் சொன்ன கதைகளை இவன் சொல்வான், அவள் ஸ்டவ்வைப் பார்த்தபடி கேட்பாள். சில நாள் சிரிப்பாள். பல நாள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்கு எங்கிருந்து பேச்சு வரும்?

ஒரு நாள் மழை. ஈரத்தோடு வந்தவன் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"என்ன தம்பி, வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"காயமா? ஆறிடுச்சே... எங்கே?"

"விரல்தான்... கட்டைவிரல். குத்திக் குத்தி வலிக்குது. இல்லைன்னு தெரியுது. ஆனா வலிக்குது. டாக்டர் அப்படித்தான் இருக்கும்னாரு."

அவள் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவன் காலை எடுத்து மடியில் வைத்தாள். பாதம் முடிந்து, தையல் தழும்பு முடிந்து, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லாத இடத்தில் அவள் விரல்கள் தயங்கி நின்றன. இல்லாத விரலை எப்படிப் பிடித்துவிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் பிடித்துவிட்டாள்.